பேத்தியின் தோணிக்காரிக்கு நோக்கு வர்மம் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. சண்டை போடுவது எப்படி என்பதைப் பற்றிய சண்டை. அங்கே பதில் எழுதினால் மறுநாள் காலை வணக்கம் ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். என் சித்தப்பா மகனும் இதை வாசிப்பான். வாசிக்கட்டும்.

நடந்தது இதுதான். பெங்களூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி முழு ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளும் தோழிகளும் சனிக்கிழமைதோறும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது. கம்ப்யூட்டர் வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, “நான் இப்போது இதைச் செய்கிறேன்” என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். நம் தெருக்கூத்தையும் தாயக்கட்டத்தையும் ஒரு பாயில் உட்கார வைத்தது போல என்று நான் புரிந்துகொண்டேன்.

பேத்தி எடுத்திருப்பது ‘மங்க்’ என்ற வகைப் பாத்திரம். கவசம் கிடையாது. வெறுங்கை, அல்லது ஒரு கம்பு. அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு சண்டை முறையைத் தானே உருவாக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. “ஆச்சி, உங்க அப்பா சிலம்பம் ஆசான்தானே, எனக்குச் சொல்லுங்க” என்று நோட்டும் பென்சிலுமாகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். என் மகள் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். அங்கே பிடித்தது வினை.

தம்பி நான்கு நிமிட வாய்ஸ் நோட் ஒன்று அனுப்பினான். “அக்கா, பிள்ளைக்குச் சரியாச் சொல்லிக் குடுங்க. உலகத்துல உள்ள அத்தனை சண்டைக்கும் தாய் நம்ம சிலம்பம். சீனாக்காரனுக்கே போதிதர்மர்தான் கத்துக் குடுத்தாரு. அவ கேரக்டருக்குச் சிலம்பம், களரி, சுருள்வாள், வர்மம், நோக்கு வர்மம் எல்லாம் தெரியும்னு எழுதச் சொல்லுங்க. ஒருத்தன் பக்கத்துல வரமுடியாது.” அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நடுவில் ஒரு மருமகன், “இந்த நேரத்துக்கு நீட் மாடல் பேப்பர் ஒண்ணு போட்டிருக்கலாம்” என்று எழுதினார். அவருக்குப் பின்னால் வருகிறேன்.

தம்பி, முதலில் உனக்கு. நீ சொன்னதில் ஒரு சண்டை முறைகூட இல்லை. ஐந்து பெயர்கள்தான் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடை வாசலில் பலகையில் எழுதிப் போட்ட மாதிரி.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், அப்பா களத்துமேட்டில் சொல்லிக்கொடுத்ததை நான் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு வருடம் பார்த்திருக்கிறேன். பையன்களுக்குத்தான் பாடம். எனக்கும் அக்காவுக்கும் கிடையாது. “பொம்பளப் பிள்ளைக்குக் கம்பு எதுக்கு” என்பது அந்தக் காலத்து நியாயம். அப்பாவைக் குறை சொல்லவில்லை, சொல்லாமலும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையனை இரண்டு மாதம் கம்பைத் தொட விடமாட்டார். காலடி, காலடி, காலடி. முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று. கம்பு சுற்றுவது ஊருக்கெல்லாம் கண்ணில் படும், கால் போவது எதிரில் நிற்கிறவனுக்கே தெரியக்கூடாது என்பார். அதற்குப் பிறகுதான் நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கைக்கு வரும். கம்பு ஏன் அந்த உயரம் என்று கேட்ட பையனிடம், ஆடிப் பார்த்துவிட்டு நீயே சொல் என்றார். அவன் வீட்டிலிருந்து தலைக்கு மேலே ஒரு முழம் நீண்ட கம்பைக் கொண்டு வந்து சுற்றினான். மூன்றாவது சுற்றில் நுனி தரையில் இடித்து அவன் பல்லிலேயே பட்டது.

ஆகக் கம்பின் நீளம், நிற்கிற தரை, ஆளின் உடம்பு இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துத்தான் ஒரு முறை உண்டாகிறது. பழமை அதில் எங்கே வருகிறது? பேத்தியின் பாத்திரத் தாளை முழுக்கப் பார்த்தேன் தம்பி. வலிமைக்குக் கட்டம் இருக்கிறது, சுறுசுறுப்புக்குக் கட்டம் இருக்கிறது. தொன்மைக்குக் கட்டம் இல்லை.

போதிதர்மர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். 2011-ல் ‘7ஆம் அறிவு’ படம் வந்தபோது என் வகுப்பிலேயே பாதிப் பையன்கள் கண்ணை உருட்டி ஒருவரையொருவர் நோக்கு வர்மத்தில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். (அவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.) அது சினிமா, ரசித்தோம், சரி. ஆனால் போதிதர்மர் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ என்ற சீன நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. அவர்தான் ஷாவோலினுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது கட்டுக்கதை என்று 1930-களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் எடுத்துச் சொல்லிவிட்டார். அவர் ஊரைப் பற்றியும் ஒரே பேச்சு இல்லை. தென்னிந்தியர் என்று எழுதியவர்களும் உண்டு, 547-ல் எழுதிய யாங் சுவான்ஜி பாரசீகத்தவர் என்று எழுதியதும் உண்டு. இதைச் சொன்னால் தமிழ்த் துரோகி என்பாய். முப்பத்தைந்து வருடம் தமிழ் எழுத்தைக் கரும்பலகையில் போட்டுக் கை தேய்ந்தவள் நான். சொல்லிக்கொள்.

எனக்கு வருத்தம் பொய்யைப் பற்றி மட்டும் இல்லை. “எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். புதிதாக யோசிக்க அவளுக்கு என்ன மிச்சம்?

இன்னொரு பக்கம், உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், பேத்தி முதலில் எழுதிக் கொண்டுவந்ததும் உன் வாய்ஸ் நோட்டைவிட ஒன்றும் மேல் இல்லை. அவளுடைய நாயகிக்குக் கால் தரையில் படாது. எதிரி அடிக்க நினைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பத்துப் பேர் சூழ்ந்தாலும் பத்து நொடி. பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, “கால் தரையில் படாதவள் எதை ஊன்றி அடிப்பாள்?” என்று ஓரத்தில் எழுதினேன். முகம் சுருங்கிவிட்டது.

அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் தொடரிலிருந்தே பேச்சைத் தொடங்கினேன். 2005-ல் அமெரிக்காவில் வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. நீல மனிதர்கள் வருகிற சினிமா இல்லை, இது வேறு. அதில் நீரை ஆள்பவர்களின் அசைவுக்குத் தாய்ச்சியை எடுத்தார்கள், நிலத்துக்கு ஹங் கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. ஒரு குங்ஃபூ ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். அதில் டோஃப் என்று கண் தெரியாத சிறுமி ஒருத்தி வருகிறாள். அவளும் நிலத்தை ஆள்பவள்தான். ஆனால் மற்றவர்களின் முறையை அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கென்று தனியாகத் தெற்குச் சீனத்துக் கும்பிடுபூச்சி முறையை எடுத்தார்கள். வெறும் பாதத்தில் தரையின் அதிர்வை உணர்ந்துதான் அவள் பார்க்கிறாள். அதனால் மணலில் எல்லாம் கலங்கித் தெரியும், தரையை விட்டு மேலே தூக்கிவிட்டால் ஒன்றுமே தெரியாது. பேத்தியிடம் கேட்டேன், “உனக்கு அந்தத் தொடரில் யாரை ரொம்பப் பிடிக்கும்?” டோஃப் என்றாள். “அவளுக்கு மணலிலும் நன்றாகத் தெரியும் என்று வைத்திருந்தால்?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பக்கத்தைத் தானே கிழித்தாள்.

இதை அந்த விளையாட்டே சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. பாத்திரத்துக்கு ஆறு குணங்கள். பேத்தி கணக்குப் போட்ட முறைப்படி ஒவ்வொன்றும் 8-ல் தொடங்கும், கையில் 27 புள்ளி. ஒரு குணத்தை 15 வரை ஏற்ற 9 புள்ளி செலவாகும். மூன்றை 15 ஆக்கினால் கை காலி, மற்ற மூன்றும் 8-லேயே நிற்கும். தம்பி, நீ கேட்ட பட்டியலுக்கு 27 போதாது, இருநூறு வேண்டும். அந்த மருமகனுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்தகவை இந்தப் பிள்ளை பகடையை உருட்டி உருட்டிக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பகடையை உருட்டிச் சின்ன எண்ணை எடுத்தால் 11-க்கு மேல் வர என்ன வாய்ப்பு என்று அவள் என்னைக் கேட்டாள். நான் காகிதம் எடுக்க உள்ளே போக வேண்டியிருந்தது.

சரி, கிழித்த பிறகு என்ன எழுதுவது? “ஆச்சி, நீங்க நிஜமா ஒரு பொம்பள சண்டை போட்டுப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

1982-ல் எனக்கு முதல் வேலை தாமிரபரணிக்கு அக்கரையில் ஓர் ஊரில். அப்போது அங்கே பாலம் இல்லை. தோணி. அதைத் தள்ளியவள் ஒரு அக்கா, புருஷன் இறந்த பிறகு அவன் கழியை இவள் எடுத்துக்கொண்டாள். ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம், ஆறு நிறைந்து போகிறது, தோணியில் நாங்கள் ஐந்தாறு பேர். குடித்துவிட்டு ஏறிய ஒருவன் என் கையைப் பிடித்தான். யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அந்த அக்கா தோணியின் வால் பக்கம் நின்றிருந்தாள். கால் இரண்டும் அகல, முழங்கால் லேசாக மடங்கி. ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் தோணி கவிழ்ந்திருக்கும். தண்ணீரிலிருந்து கழியை உருவி, ஈர நுனியை அவன் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தாள். அடிக்கவில்லை, சுழற்றவில்லை. தினமும் ஆற்றடியில் ஊன்றி எப்படிச் சாய்வாளோ அப்படிச் சாய்ந்தாள். அவன் தடுமாறிக் கழியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அவள் விட்டுவிட்டாள். அவன் இழுத்த வேகத்திலேயே கழியோடு ஆற்றில் போய் விழுந்தான். பிறகு துடுப்பை எடுத்துத் தோணியைத் திருப்பி, மிதந்த கழியின் மறுமுனையைப் பிடித்து அவனைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கரையில் போட்டுவிட்டுக் கையை நீட்டி, “கூலி” என்றாள்.

கழியை ஏன் விட்டீர்கள் என்று மறுநாள் கேட்டேன். கழி சேற்றில் மாட்டிக்கொண்டால் விட்டுவிடணும் டீச்சர், பிடித்துக்கொண்டு நின்றால் தோணி போய்விடும், நாம் தண்ணீரில் தொங்குவோம் என்றாள். அவளுக்கு அது சண்டைப் பாடம் இல்லை, தொழில் பாடம்.

பேத்தியின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்று மாலைக்குள் அவளுடைய பாத்திரம் தோணிக்காரி ஆகிவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் வழக்காடு மன்றம்தான். நான் அப்பாவின் காலடியை விடமாட்டேன் என்றேன். “ஆச்சி, தோணியில காலடி எடுத்து வெச்சா கவிழ்ந்துரும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று மடக்கினாள். ஆக சிலம்பத்திலிருந்து மணிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம், காலை விட்டோம். அப்பா இருந்திருந்தால் சாப்பிடாமல் படுத்திருப்பார். மங்க் வகைக்கு ஓட்டத்தில் கூடுதல் வேகம் உண்டு. அதைத் தண்ணீரிலும் தோணியிலும் மட்டும் வைத்துக்கொண்டு, உலர்ந்த தரையில் விட்டுக்கொடுத்தாள். கழி நீளம் என்பதால் பத்தடி தள்ளி நிற்பவனையும் தொடலாம் என்று கதை நடத்தும் தோழியிடம் போனில் அனுமதி கேட்டாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. சரி, ஆனால் அறைக்குள்ளும் சந்துக்குள்ளும் சண்டை வந்தால் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்றாள். நுனி தரையில் இடித்துப் பல்லில் பட்ட பையன் ஞாபகம் வந்தது எனக்கு.

எதிரி கழியைப் பிடித்தால் விட்டுவிடுவது அவளுடைய முக்கியமான அடி. ‘சேற்றுப் பிடி’ என்று பெயர் வைத்திருக்கிறாள். விட்ட பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் இன்னொருவன் வந்தால் அடி வாங்க வேண்டியதுதான்.

இப்போது வர்மத்துக்கு வருகிறேன் தம்பி, அதை நான் ஒதுக்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் சொல்லும் கணக்கு 108 வர்மம், அதில் படுவர்மம் 12. ஆனால் அந்த ஆசான்களில் பலர் வைத்தியர்கள். தட்டத் தெரிந்தவனுக்கு இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும், விழுந்தவனை எழுப்பத் தெரியாதவனுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்பது அங்கே கட்டு. கண்ணால் பார்த்துச் சாய்ப்பதைவிட இது எவ்வளவு பெரிய சமாசாரம்! நீ கதையில் போடச் சொன்னது அதன் பளபளப்பை மட்டும். நான் சொன்னது இந்தக் கட்டை. தோணிக்காரி ஆற்றில் தள்ளியவனை அவளே கரையேற்ற வேண்டும். ஒரு சண்டையில் ஒரு முறை அதற்காகத் தன் ஆட்டத்தை இழக்க வேண்டும். பேத்தி முணுமுணுத்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள்.

இதெல்லாம் பாரம்பரியத்தைச் சிதைப்பது என்று யாரோ ஒரு உறவு எழுதியிருந்தார்கள். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்று ஒருவர், சின்ன உடம்பு, பழைய ஜுஜுட்சு முறைகள் இரண்டை ஆழமாகக் கற்றவர். 1882-ல் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் ஜூடோவைத் தொடங்கினார். அவர் செய்த பெரிய வேலை எடுத்துப் போட்டது. முழு பலத்தோடு பழகினால் ஆளை முடமாக்கிவிடும் பிடிகளைக் கட்டற்ற பயிற்சியிலிருந்து நீக்கினார். அதனால்தான் மாணவர்கள் தினமும் முழு பலத்தோடு மோதிப் பழக முடிந்தது. பழையது குறைந்தது, முறை வளர்ந்தது. அவர் பல ஆண்டுகள் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருந்தவர். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டுமே வைத்திருக்கும் எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

கடைசியாக ஒன்றை அவள் தானாக எழுதிச் சேர்த்திருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காதது. “காசு கொடுத்துத் தோணியில் ஏறியவனை, இறங்கும்வரை அடிக்கமாட்டாள்.” இது எதற்கு, உன் கையை நீயே கட்டிக்கொள்கிறாயே என்றேன். “அவ தோணிக்காரி ஆச்சி. ஏறினவங்களை அக்கரையில விடறதுதான் அவ வேலை” என்றாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

இப்போது பெங்களூர் போய்விட்டாள். நேற்று ராத்திரி போன் பண்ணினாள். கதை நடத்தும் அந்தக் கெட்டிக்காரி இந்த விதியைக் கவனித்துவிட்டாளாம். நான்கு வாரமாக இவர்கள் துரத்திக்கொண்டிருந்த கொள்ளைக்காரன் ஆற்றங்கரைக்கு வந்து, சிரித்துக்கொண்டே காசை நீட்டியிருக்கிறான். அதோடு அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை வரை யோசிக்க வேண்டுமாம். “வாங்கவா வேண்டாமா ஆச்சி?” என்கிறாள். எனக்கும் தெரியவில்லை. தம்பி, உனக்கு ஏதாவது தோன்றினால் சொல். நோக்கு வர்மம் தவிர.